மருந்து அதிகாரமும் மற்றொரு மருத்துவர் கருத்தும்

1. ஆய்வுப் பொருள்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்தினை மருத்துவ நூற் கருத்துகளின் சுருக்கமாகக் கொண்டு ஆராய்தல் ஒரு நெறி. நோயுற்றார் தம் உடல் குறித்துச் செய்யும் முடிவுகளுக்கு அஃது எத்துணை வழிகாட்டும் என்று ஆராய்தல் மற்றொரு நெறி. முன்னைய நெறியில் வளி முதலிய மூன்றன் மிகையும் குறையும், உண்ணும் அளவும் சிறப்பிடம் பெறுகின்றன. பின்னைய நெறியிலோ, அதிகாரத்தின் இறுதியில் நிற்கும் மூன்று குறட்பாக்களே முதன்மை பெறுகின்றன. இக்கட்டுரை பின்னைய நெறியைப் பற்றிச் செல்கின்றது.

அங்ஙனம் செல்லுதற்கு ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை உரைகல்லாகக் கொள்ளுதல் வேண்டும். கருப்பையை அறுவை மருத்துவத்தால் நீக்கிவிடுதல் நன்று என்று ஒரு மருத்துவர் கூறியவிடத்து, அதற்கு இசையுமுன் மற்றொரு மருத்துவரை நாடி அவர் கருத்தையும் கேட்டறிதல் தக்கதா என்னும் வினாவே ஈண்டு உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றது. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் மூன்று. நீக்கிய உறுப்பை மீண்டும் பெறல் இயலாது என்பது ஒன்று. இவ்வறுவைக்குக் காரணமாகும் நோய்களுட் பெரும்பாலானவை அன்றே அறுத்தாக வேண்டிய நெருக்கடி உடையன அல்ல. ஆராய்தற்குக் காலம் தருவன என்பது மற்றொன்று. இந்நாட்டில் இவ்வறுவை அரிதாக நிகழ்வதன்று என்பது மூன்றாவது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 3.3 பேர் கருப்பை நீக்கப் பெற்றவர். அதற்கு முந்திய 2015-16 கணக்கெடுப்பில் இஃது 3.2 ஆக இருந்தது. அவ்வறுவைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன.

மருத்துவர் சொல்லை மறுத்து வினவுதல் தகாது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றி நிற்கின்றது. ஒருவரிடம் காட்டிய நோயை இன்னொருவரிடம் காட்டுதல் முன்னவரை இழிவுபடுத்துவதாகும் என்று நாணுவாரும் உளர். இவ்வெண்ணத்திற்கு நம் இலக்கிய மரபு துணை நிற்கின்றதா, அன்றி மாறு கூறுகின்றதா என்பதைத் தெளிவுபடுத்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இரண்டு உவமைகள்

மருத்துவரிடம் முழுதும் ஒப்படைத்தல் வேண்டும் என்பார்க்குத் துணையாவன போலத் தோன்றும் உவமைகள் இரண்டு உள்ளன. அவற்றை முதற்கண் ஆராய்தல் முறை.

முன்னது நற்றிணையில் நற்றங்கொற்றனார் பாடியதாக உள்ள 136-ஆம் பாட்டில் வருவது. தலைவி தான் விரும்பி அழுத வளையைத் தாராது, தனக்கு ஏற்றதைத் தேர்ந்து தந்த தந்தையை வாழ்த்துகின்றாள். அவ்விடத்து, கொடிய பிணியுற்றவர் விரும்பியதைக் கொடாமல், அவர்க்குரிய மருந்தினை ஆராய்ந்து கொடுக்கும் அறவோனை உவமையாக்குகின்றாள். நோயாளர் விருப்பத்தினும் மருத்துவர் அறிவே மேலானது என்பதற்கு இது சான்றாகும் எனலாம். ஆயின் அம்மருத்துவரை அறவோன் என்று சொல்லவைத்தது யாது என நோக்குதல் வேண்டும். வேண்டியதை மறுத்தமை மட்டும் அவரை அறவோன் ஆக்கவில்லை. ஆராய்ந்து கொடுத்தமையே ஆக்கிற்று. ஆய்தல் என்னும் வினையை நீக்கிவிடின் எஞ்சுவது மறுத்தல் ஒன்றே, அது அறமாகாது. ஆகவே இவ்வுவமை மருத்துவர்க்குத் தரும் உயர்வு, ஆராய்ச்சியைக் கட்டளையாக உடைய உயர்வாகும்.

பின்னது பெருமாள் திருமொழியில் குலசேகராழ்வார் வித்துவக்கோட்டு இறைவனைப் பாடிய ஐந்தாம் பதிகத்தில் வருவது. ஈன்ற தாய் சினந்து விலக்கினும் அவளருளையே நினைந்தழும் குழவியைக் கூறிய ஆழ்வார், வரிசையில் மேலும் சென்று, உடலை அறுத்துச் சுட்ட மருத்துவனிடத்தும் அன்பு நீங்காத நோயாளனை உவமை கூறுகின்றார். அறுவை மருத்துவம் பற்றிய குறிப்பாகவும் இது போற்றத்தக்கது. இதனை எடுத்துக்காட்டி, அறுக்கச் சொல்லும் மருத்துவரிடம் வினா எழுப்புதல் மரபன்று என்று ஒருவர் வாதிடக் கூடும்.

அவ்வாதம் உவமையின் இலக்கணத்தோடு பொருந்தாது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் ஒன்றோ பலவோ பற்றி உவமை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. உவமத்தின் எல்லாக் கூறுகளும் பொருளின்கண் ஏறா. பொருளின் எல்லாக் கூறுகளும் உவமத்தின்கண் ஏறா. ஆழ்வார் பாட்டில் பொதுத்தன்மையாக நிற்பது துன்பத்திடையேயும் மாறாத அன்பு. வினவாமை அன்று. மேலும், ஈண்டுப் பொருள் இறைவன், உவமம் மருத்துவன். இறைவனுக்கு உரிய முற்றறிவை மருத்துவனுக்கு ஏற்றுதல் உவமத்தையும் பொருளையும் இடம் மாற்றுவதாகும். அடியார்க்கு மற்றோர் இறைவன் இல்லை. நோயாளர்க்கோ மற்றோர் மருத்துவர் உளர். அன்பு வேறு, இசைவு வேறு. அறுத்த பின்னும் அன்பு நீங்காதிருத்தல் பண்பு. அறுக்குமுன் ஆராயாதிருத்தல் பண்பு ஆகாது.

3. நாடுதல் மூன்று, செய்தல் ஒன்று

இனி, மருந்து அதிகாரத்தின் அமைப்பினை நோக்குவோம். பத்துக் குறட்பாக்களுள் முதலாவது நோயின் தோற்றத்தைக் கூறுகின்றது. அடுத்த ஆறும் உணவின் அளவையும் முறையையும் கூறுகின்றன. எஞ்சிய மூன்றே மருத்துவச் செயலைக் கூறுகின்றன. நோய் வாராமற் காத்தலுக்கு ஏழும், வந்தபின் தீர்த்தலுக்கு மூன்றும் ஒதுக்கிய இவ்வைப்பு முறையே வள்ளுவர் நோக்கினை உணர்த்தும்.

அம்மூன்றனுள் முதலாவதாகிய 948-ஆம் குறளில் மருத்துவன் ஆற்ற வேண்டியன நான்காகச் சொல்லப்படுகின்றன. நோய் இன்னதென்று தேர்தல், அது தோன்றிய காரணத்தைத் தேர்தல், அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல், பின் தவறாது செய்தல் என்பன அவை. இவற்றுள் நாடுதல் என்னும் வினை மும்முறை வர, செய்தல் என்னும் வினை ஒரு முறையே வருகின்றது. செய்தற்கு முன் ஆராய்ச்சி மூன்று படி ஏறவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பரிமேலழகர், மருந்து கொடுத்தலேயன்றி, குருதி களைதல், அறுத்தல், சுடுதல் ஆகியவற்றையும் செயலுள் அடக்குவர். எனவே அறுத்தல் என்பது நான்காம் படிக்கண் உள்ள பலவற்றுள் ஒன்று என்பதும், முதல் மூன்று படிகளைக் கடவாமல் அதனை எய்தலாகாது என்பதும் உரையாசிரியர் வாயிலாகவே தெளிவாகின்றன.

இதனைக் கருப்பை நீக்கத்தோடு பொருத்திக் காண்க. மாதவிடாயின்போது மிகுதியாகக் குருதி போதலை நம் மருத்துவ வழக்கு பெரும்பாடு என்று பெயரிட்டு வழங்கிற்று. பெரும்பாடு ஒரு நோயின் பெயர் போலத் தோன்றினும், உண்மையில் அது பல நோய்கட்குப் பொதுவாகிய ஓர் அறிகுறி. பைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டி, கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் தடிப்பு, தைராய்டுச் சுரப்பியின் குறை, குருதி உறைதலில் உள்ள குறை, புற்று எனக் காரணங்கள் வேறுபடும். காரணம் வேறுபடுமிடத்துத் தணிக்கும் வழியும் வேறுபடும். தைராய்டுக் குறையால் வந்த பெருக்கிற்குக் கருப்பையை நீக்குதல், காரணத்தை விட்டு இடத்தைத் தண்டிப்பதாகும். குருதிச் சோதனையும், அல்ட்ராசவுண்டுப் படமும், வேண்டுமிடத்து உட்படலத்தின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்தலும் முதலிரு படிகளைச் சேர்ந்தவை. இவை முடிந்தனவா, அவற்றால் துணியப்பட்ட காரணம் யாது என்று மற்றொரு மருத்துவரிடம் கேட்டறிதல், வள்ளுவர் வகுத்த படிகள் உரிய முறையில் ஏறப்பட்டனவா என்று சரிபார்த்தலன்றி வேறன்று.

4. உற்றவள் அளவும் பிணியளவும் காலமும்

அடுத்த குறள், மருத்துவ நூலைக் கற்றவன் நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செயல்பட வேண்டும் என்கின்றது. இதற்கு உரை கூறுமிடத்துப் பரிமேலழகர், நோயுற்றவனின் அளவுள் பருவத்தையும் வலியையும் சேர்த்தனர். நோயின் அளவுள் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என்னும் வேறுபாட்டையும் சேர்த்தனர். தீர்க்கத்தக்கது சாத்தியம், தீராதது அசாத்தியம், முற்றத் தீராதெனினும் மருந்தாலும் ஒழுக்கத்தாலும் கட்டுள் வைத்துக்கொள்ளத்தக்கது யாப்பியம். இம்மூன்றாம் வகையே ஈண்டு நம் கருத்திற்குரியது.

புற்று அல்லாத கருப்பை நோய்களுட் பல யாப்பியத்தின்பாற் படும். பெருக்கைக் குறைக்கும் மாத்திரை, குருதிச் சோகைக்கு இரும்புச் சத்து, ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பையகச் சாதனம், கட்டியை மட்டும் நீக்கிக் கருப்பையை இருத்தல், கட்டிக்குச் செல்லும் குருதிக் குழாயை அடைத்தல், உட்படலத்தை மட்டும் அழித்தல் எனப் பல வழிகள் இன்று உள்ளன. கருப்பை இறக்கத்திற்கும் இடுப்புத் தசைப் பயிற்சியும் தாங்கு வளையமும் முதற்கண் எண்ணத்தக்கன. இவற்றுள் எது ஒருத்திக்குப் பொருந்தும் என்பதை அவள் பருவமே பெரிதும் முடிவு செய்யும். மாதவிடாய் நிற்கும் பருவத்தை அணுகியவளுக்குக் காலமே மருந்தாதலும் உண்டு. அப்பருவத்தின்பின் நார்த்திசுக் கட்டிகள் பொதுவாகச் சுருங்கும். முப்பது வயதினளுக்கோ அக்காலம் தொலைவில் உள்ளது. ஆயினும் அவளுக்கு நீக்கத்தின் பின்விளைவுகளும் அத்துணை நெடுங்காலம் நிற்கும்.

பின்விளைவு பற்றியும் சிறிது கூறல் வேண்டும். வழக்கில் ஒரே சொல்லாற் குறிக்கப்படும் இவ்வறுவை பல வகைப்படும். கருப்பையின் கழுத்தை விடுத்து மேற்பகுதியை மட்டும் நீக்குதல் ஒன்று. கழுத்தையும் சேர்த்து நீக்குதல் ஒன்று. சூலகங்களையும் உடன் நீக்குதல் மற்றொன்று. மாதவிடாய் நில்லாத பருவத்தில் சூலகங்கள் இரண்டையும் நீக்கின் மாதவிடாய் முடிவின் நிலை உடனே வந்துறும். எலும்பின் வலிமை குன்றலும் இதய நோய்க்கு ஏதுவாதலும் மிகும். சூலகங்களை விட்டுவைப்பினும் அம்முடிவு சிலர்க்கு முன்னதாகவே வருதல் கூடும். எனவே எவ்வுறுப்பு நீக்கப்படும், எஃது இருக்கும் என்னும் தெளிவு இன்றி இசைதல், பொருள் அறியாமல் ஓலையிற் கையெழுத்திடுதலை ஒக்கும்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்றும் வேண்டற்பாலது. கருப்பை என்பது காரணப்பெயர். கருவைத் தாங்குதலாகிய தொழில் பற்றி அப்பெயர் வந்தது. தொழில் முடிந்தவுடன் பொருளும் வேண்டா என்னும் எண்ணத்திற்கு இப்பெயரே வழிவிடுகின்றது போலும். பிள்ளைப்பேறு முடிந்தது, இனி அஃது எதற்கு என்னும் கேள்வி பெண்களிடம் எழுப்பப்படுவதை யாவரும் அறிவர். காரணப்பெயர் பொருளின் ஒரு தொழிலைக் குறிக்குமேயன்றி அதன் முழு இயல்பையும் குறிக்காது. இவ்வாறே, பேச்சுவழக்கில் கருப்பையை எடுத்துவிடுதல் என்று கூறும்போது, விடுதல் என்னும் துணைவினை முடிவையும் எளிமையையும் ஒருங்கே ஏற்றுகின்றது. அறுவையின் பெருமையை அச்சொல் மறைக்கின்றது.

5. தெளிதலும் ஐயுறவும்

இதுகாறும் கூறியவற்றிற்கு எதிராக வலிய தடை ஒன்று திருக்குறளிலிருந்தே எழுப்பப்படலாம். தெரிந்து தெளிதல் என்னும் 51-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 510-ஆம் குறள், ஆராயாமல் ஒருவனை நம்புதலும், நம்பியவனிடத்து ஐயங்கொள்ளுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பம் தரும் என்கின்றது. மருத்துவரை நம்பிச் சென்றவள் மற்றொருவரை நாடுதல் இரண்டாவதாகக் கூறிய குற்றத்தின்பாற் படாதோ எனின், படாது என்க. அதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, அக்குறள் ஆராய்ச்சிக்குப் பின்னரே ஐயத்தை விலக்குகின்றது. ஆராய்ச்சிக்கு முன் நிகழும் வினவல் ஐயம் எனப்படாது. அது தெளிதற்குரிய வாயில். மற்றொரு மருத்துவர் கருத்தைக் கேட்டல், அறுவைக்கு இசைவு தருமுன் நிகழ்வது. இசைந்து, நாள் குறித்து, அறுவை முடிந்தபின் காரணமின்றி மருத்துவரைப் பழித்தலே தெளிந்தாரிடத்து ஐயுறுதல் ஆகும். முன்னது முதற் குற்றத்தினின்று நம்மைக் காப்பது. பின்னது இரண்டாம் குற்றம். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

மற்றொன்று, அதற்கு முன்னுள்ள 509-ஆம் குறளின் பொருளால் விளங்குவது. ஆராய்ந்தபின் தெளியுமாறு கூறும் அக்குறளில், தெளியப்படும் பொருள் என்பதற்கு, அவரவர் ஆற்றலுக்கு ஏற்ற வினைகள் என்று பரிமேலழகர் பொருள் கண்டனர். நம்பிக்கை ஆளைப் பற்றியது மட்டுமன்று. வினையைப் பற்றியதும் ஆகும் என்னும் நுட்பம் இதில் உண்டு. அறுவையைச் செம்மையாகச் செய்வார் என்று ஒருவரைத் தெளிதல் ஒன்று. அறுவை வேண்டும் என்னும் முடிவில் அவரைத் தெளிதல் வேறொன்று. கைத்திறனும் துணியும் திறனும் ஒருவரிடமே அமையலாம், அமையாதும் போகலாம். அறுவை செய்யும் மருத்துவர் அறுவையையே தீர்வாகக் காண்பதும், அதனால் ஊதியம் பெறுவதும் உலகியல். அவர் நேர்மையுடையவராயினும், தம் தொழிலின் கண்கொண்டே நோக்குவர். ஆதலின் அவரைச் சாராத, அதே அறுவையால் ஊதியம் பெறாத மற்றொருவரின் கருத்து, வினைக்கேற்பத் தெளிதல் என்னும் வள்ளுவர் நெறிக்கு உடன்பட்டதே.

மருத்துவர்களின் கருத்து வேறுபடுதல் இயல்பு என்பதும், அதனைச் சரிபார்த்தலால் நன்மை விளையும் என்பதும் பிற நாட்டு மருத்துவர்களே நிறுவியவை. அமெரிக்காவில் 35 மருத்துவமனைகளில் 1948-ஆம் ஆண்டு நிகழ்ந்த 6,248 கருப்பை நீக்கங்களை ஜேம்ஸ் டாயில் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, தேவையற்றவை பல என்று 1953-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் 1970-களில் மருத்துவர் குழு ஒன்று இவ்வறுவைகளைக் கண்காணிக்கத் தொடங்கியபின் அவற்றின் எண்ணிக்கை குறைந்தது. ஒரு மருத்துவர் கருத்தைப் பிற மருத்துவர் ஆராய்தல் மருத்துவத் தொழிலுக்கு இழுக்கன்று என்பதற்கு இவை போதும்.

6. உழைச்செல்வாரும் இசைவும்

அதிகாரத்தின் இறுதிக் குறள் மருந்தினை நான்கு உறுப்புடையதாகக் கூறுகின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழைச்செல்வான் என்பது அருகிருந்து மருந்தினை இயற்றுவோனைக் குறிக்கும். இந்நான்கும் ஒவ்வொன்றும் நந்நான்கு பண்புகளை உடையன என்று பரிமேலழகர் விரிப்பர். உழைச்செல்வானுக்கு நோயாளரிடத்து அன்புடைமையும், சொல்லியவாறே செய்யும் வன்மையும், தூய்மையும், அறிவுடைமையும் வேண்டும் என்பர்.

அன்புடையவர் ஆதலால் அவரே நோயாளர்க்காக முடிவு செய்யலாமோ எனின், ஆகாது. நான்கு உறுப்புகள் தனித்தனியே எண்ணப்பட்டமையின் ஒன்றன் இடத்தை மற்றொன்று கொள்ளுதல் கூடாது. நம் இல்லங்களில் பிறர் நோயுற்றபோது உழைச்செல்வாராக நிற்பவர் பெரும்பாலும் பெண்களே. அவரே நோயுற்றபோதோ, கணவரும் தாயும் மாமியாரும் மக்களும் கூடி முடிவு செய்ய, நோயுற்றவள் கேட்டு நிற்கும் நிலை ஏற்படுகின்றது. உற்றவளின் இடம் உழைச்செல்வாரால் நிரப்பப்படுகின்றது.

இது குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு நம் ஆராய்ச்சிக்கு மிக்க விளக்கம் தருகின்றது. 1995-இல் 44 வயதுடைய மணமாகாத பெண் ஒருவர் மிகு குருதிப்போக்கிற்காக ஒரு மருத்துவரிடம் சென்றார். உட்காண் கருவியால் ஆராய்தற்கு அவர் இசைந்தார். மயக்க மருந்தில் அவர் கிடந்தபோது, வெளியே நின்ற தாயிடம் இசைவு பெற்று, கருப்பையும் சூலகங்களும் கருக்குழாய்களும் நீக்கப்பட்டன. மருத்துவர் நோயாளரின் நன்மை கருதியே செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், உயிர்க்கு உடனடி இடர் இல்லாதபோது, அறிவும் வயதும் உடைய பெண்ணின் இசைவுக்குத் தாயின் இசைவு ஈடாகாது என்றும், ஆராய்தற்குத் தந்த இசைவு அறுத்தற்குத் தந்த இசைவாகாது என்றும் தீர்ப்பளித்தது. மருத்துவர்க்குரிய ஊதியத்தை மறுத்து, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது.

அன்புடைய உழைச்செல்வார் இருந்தனர். நன்மை கருதிய தீர்ப்பவர் இருந்தார். ஆயினும் நான்கு உறுப்புகளுள் முதலாவது விடுபட்டது. நாடுதலுக்கும் செய்தலுக்கும் இடையே நோயாளர் விழித்திருந்து எண்ணும் இடைவெளி ஒன்று வேண்டும். அவ்விடைவெளியே மற்றொருவரைக் கேட்டறியும் காலமாகும். அது மயக்க நிலையில் மறைந்தொழிந்தமையே அவ்வழக்கின் குறை எனலாம்.

7. பொருளுடைமை

நோயுற்றவனுக்குரிய நான்கு பண்புகளாகப் பரிமேலழகர் பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பம் பொறுத்தல் ஆகியவற்றைக் கொண்டனர். இவற்றுள் மருத்துவன்வழி நிற்றலை மட்டும் பிரித்தெடுத்து, வினவாமல் பணிதல் என்று கொள்வார் உளராயின், அதனோடு எண்ணப்பட்ட நோய்நிலை உணர்த்தலை அவர் மறந்தவராவர். உணர்த்துவோர் வாயற்றவர் அல்லர். மேலும் வழிநிற்றல், வழி துணியப்பட்ட பின்னரே நிகழற்பாலது.

பொருளுடைமையை முதற்கண் வைத்தமை உலகியலை உணர்ந்த வைப்பாகும். பொருளில்லாதார்க்கு நாடுதல் குறுகும். 2008-இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய சுவாஸ்திய பீமா யோஜனா என்னும் காப்பீட்டுத் திட்டம் வறியோர்க்கு மருத்துவமனையில் தங்கிப் பெறும் மருத்துவத்தின் செலவை ஏற்றது. நோக்கம் நன்று. ஆயின் பல திங்கள் உண்ணும் மருந்துக்கும் புறநோயாளர் ஆராய்ச்சிக்கும் பொருள் இல்லாதவிடத்து, அறுவைக்கு மட்டும் பொருள் இருப்பின், அறுவையே எளிய வழியாய் முன்னிற்கும். பீகார், சத்தீஸ்கர், இராசத்தான் மாநிலங்களில் வறிய பெண்கட்குத் தேவையின்றிக் கருப்பை நீக்கப்பட்டது என்று 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், நடுவணரசின் நலவாழ்வு அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று திங்களுள் மேற்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. தேசிய, மாநில, மாவட்ட நிலைகளிற் கண்காணிப்புக் குழு அமைத்தல் அந்நெறிகளுள் ஒன்று.

ஒருத்தி தானே நாடவேண்டிய மற்றொரு கருத்தை அரசு குழுவின் வாயிலாக நாடுதலே இது. பொருளுடையவள் தன் செலவிற் செய்வதை வறியவளுக்கு அரசு செய்தல் முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பிரிவும், தனியார் மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறிக்கப்பெற்ற ஒருத்தி, சோதனை ஏடுகளுடன் சென்று கருத்துக் கேட்டற்குரிய இடமே.

8. வரம்பும் மரபின் குறையும்

ஈண்டுக் கூறிய நெறிக்கு வரம்பு உண்டு. மகப்பேற்றின்பின் நில்லாது பெருகும் குருதி, கருப்பை கிழிதல் போன்ற நெருக்கடிகளில் மற்றொருவரை நாடக் காலம் இல்லை. அங்கே கருப்பையை நீக்குதல் உயிரைக் காக்கும் செயல். புற்று என்று துணியப்பட்டவிடத்தும், மாதவிடாய் நின்றபின் குருதி தோன்றியவிடத்தும், மற்றொரு கருத்தைக் கேட்டல் காலத்தாழ்விற்கு வாயிலாதல் கூடாது. விரைந்து, அந்நோயில் வல்ல புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டல் வேண்டும். இன்னும், இரண்டாமவர் அறுவையே வேண்டும் என்று கூறின், அதுவும் பயனுடையதே. தெளிந்த மனத்தோடு இசைதற்கு அது துணையாகும். தான் விரும்பும் விடை கிடைக்கும்வரை மருத்துவரை மாற்றிக்கொண்டே செல்லுதல் நாடுதல் ஆகாது. நற்றிணை அறவோன் விரும்பியதைக் கொடாமை அங்கே நினைவுகொள்ளத்தக்கது.

நம் மரபின் குறையையும் மறைத்தல் திறனாய்வு ஆகாது. மருந்து அதிகாரம் நோயுற்றவனை ஆண்பாற் சொல்லாற் குறிக்கின்றது; பெண்ணுக்கே உரிய நோய் அதன்கண் தனித்து எண்ணப்படவில்லை. நான்கு உறுப்புகளுள் தீர்ப்பவன் ஒருவனே, இரண்டாமவனுக்கு இடமில்லை. ஆராய்ந்து தெளிதல் என்னும் நெறியோ அரசனுக்கு உரியதாகப் பொருட்பாலின் மற்றோரிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டு அதிகாரங்களையும் நூல் தானே இணைக்கவில்லை. கற்போரே இணைத்தல் வேண்டும். அரசன் அமைச்சரைத் தேர்தற்குக் கூறியதை ஒரு பெண் தன் உடல்குறித்துத் தேர்தற்கு உரியதாக்கல் வலிந்து பொருள் கோடல் ஆகாதோ எனின், தன் நாட்டிற்கு அரசன் எத்துணை உரியனோ, தன் உடற்கு அவளும் அத்துணை உரியள் என்பதே விடை.

9. முடிபு

மேற்கூறியவற்றால், மருத்துவரிடம் வினவாமல் ஒப்படைத்தலுக்குச் சான்றாகத் தோன்றும் நற்றிணை உவமை ஆராய்ச்சியை வலியுறுத்துவது என்பதும், ஆழ்வார் உவமை அன்பினைப் பற்றியதேயன்றி இசைவினைப் பற்றியதன்று என்பதும் பெறப்பட்டன. மருந்து அதிகாரம் செயலுக்குமுன் மும்மடங்கு நாடுதலை வைக்கின்றது என்பதும், தெரிந்து தெளிதல் அதிகாரம் நம்பிக்கையை வினைதோறும் பகுத்து வைக்கின்றது என்பதும் காணப்பட்டன. கருப்பை நீக்கத்திற்கு முன் மற்றொரு மருத்துவர் கருத்தைக் கேட்டல் முன்னவரிடத்து ஐயுறவு அன்று. அவரைத் தெளிதற்குரிய ஆராய்ச்சியின் எஞ்சிய பகுதியே. அதனை இரண்டாம் கருத்து என்று எண்ணுப்பெயராற் குறிப்பதினும் மறு நாடுதல் என்று குறித்தல், வள்ளுவர் ஆண்ட வினைச்சொல்லோடு பொருந்தி, தரத்தில் தாழ்ந்தது என்னும் மயக்கத்தையும் நீக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.